புதுமுக ரன்னிங் பேக் வந்ததும் மூத்தவரின் இடம் பறிபோகுமா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணி ஒன்றில், ஒரு பருவத்தில் ஆயிரம் யார்டு ஓடிக் காட்டி நிலைபெற்றுவிட்ட ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர், ஒருவர் இருக்கிறார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பங்கிட்டு எடுக்கும் ஏப்ரல் டிராஃப்ட்டில் அதே அணி, இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ, இன்னொரு ரன்னிங் பேக்கைத் தேர்ந்தெடுக்கிறது. மூத்தவரின் இடத்துக்கு ஆபத்து வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தில் பெரும்பாலும் ஆபத்தில்லை. அணிகள் ஆட்களை விடுவிக்கவும் வாங்கவும் செய்யும் அடுத்த மார்ச்சிலோ அதற்கடுத்த மார்ச்சிலோ ஆபத்து நிச்சயமாக உண்டு. இருவரில் யார் நன்றாக ஓடுகிறார் என்பதைக் காட்டிலும், மூத்தவரை விடுவித்தால் அணிக்கு எவ்வளவு பணம் நட்டமாகும் என்பதுதான் இந்த விவகாரத்தை முடிவு செய்கிறது. புதுமுகத்தின் திறமை இரண்டாவதாகத்தான் கணக்கில் வருகிறது.

ஸ்டார்ட்டர் என்ற பட்டத்தை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். ஆட்டத்தின் முதல் ஸ்னாப்பின்போது (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் கணம்) களத்தில் நிற்பவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. 2021இல் டென்வர் பிராங்கோஸ் அணியின் ஸ்டார்ட்டர் மெல்வின் கார்டன்; இரண்டாம் சுற்றில் வந்த ஜவான்டே வில்லியம்ஸ் புதுமுகம். பருவம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது இருவரும் சரியாக 203 முறை பந்தை ஏந்தி ஓடியிருந்தார்கள். கார்டன் 918 யார்டு, வில்லியம்ஸ் 903 யார்டு. பட்டம் ஒருவரிடம் இருந்தது, வேலை சரிபாதியாகப் பிரிந்திருந்தது. ஆகவே இடம் போகுமா என்று கேட்கும்போது எந்த இடத்தைச் சொல்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் முயற்சிகளான டவுன்களில் முதல் இரண்டில் ஓடும் வேலை, மூன்றாம் டவுனில், பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வேலை, கோல் கோட்டருகே முட்டி நுழையும் வேலை, பாதி முடியும் தறுவாயில் கடிகாரத்தோடு போட்டியிடும் இரண்டு நிமிட வேலை என்று இவை தனித்தனியானவை. புதுமுகம் இவற்றை ஒவ்வொன்றாகத்தான் பெறுகிறார். நான்கும் ஒரே நாளில் கைமாறுவது அரிது.

இந்த நடைமுறை முழுவதையும் பார்க்க விரும்புவோருக்கு நான் எப்போதும் காட்டுவது டென்னசி டைட்டன்ஸ் அணியின் 2016 முதல் 2018 வரையிலான மூன்று பருவங்களைத்தான். டெமார்கோ மரே 2014இல் டாலஸ் அணிக்காக 392 முறை பந்தை ஏந்தி 1,845 யார்டு ஓடி, லீகிலேயே முதலிடம் பிடித்தவர். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் அங்கே பொருந்தாமல் 702 யார்டோடு நின்றுபோனார். 2016 ஜனவரியில் டைட்டன்ஸின் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற ஜான் ராபின்சன், மார்ச்சில் மரேயை வாங்கினார். ஏப்ரலில் அதே ராபின்சன், முதல் தேர்வை ராம்ஸ் அணிக்குக் கொடுத்து ஈட்டிய 45ஆம் தேர்வைக் கொண்டு, முந்தைய ஆண்டு கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற அலபாமாவின் டெரிக் ஹென்றியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு மாதத்துக்குள் இரண்டு ரன்னிங் பேக்குகள். மரேயின் கதை முடிந்தது என்று அன்று எழுதியவர்கள் ஏராளம்.

நடந்தது வேறு. 2016இல் மரே 293 முறை ஏந்தி 1,287 யார்டு ஓடினார், 9 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது) போட்டார். அந்த ஆண்டு, லீகின் இரு பாதிகளில் ஒன்றான ஏஎஃப்சி பிரிவிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். ஓட்டத்தோடு 53 பாஸ்களையும் பிடித்தார். கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டத்தில் ரன்னிங் பேக்காக இருந்துகொண்டே சக ஆட்டக்காரர் டெலனி வாக்கருக்கு ஒரு டச்டவுன் பாஸும் எறிந்தார் என்பது கொசுறு. ஹென்றிக்குக் கிடைத்தது 110 ஓட்டம், 490 யார்டு, வெறும் 13 பாஸ். ஆறடி மூன்றங்குல உயரமும் அதற்கேற்ற எடையும் கொண்ட ஒருவரை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுப் பயிற்சியாளர் மைக் முலார்க்கி என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று இரசிகர்கள் பொருமினார்கள். முலார்க்கி நினைத்தது எளிமையானது: மூத்தவர் எல்லா டவுன்களுக்கும் பொருந்துகிறார், புதுமுகம் இன்னும் பொருந்தவில்லை.

2017இல் தராசு மெல்லச் சாய்ந்தது. தொடைத் தசை வலியோடு ஆடிய மரே 184 ஓட்டத்தில் 659 யார்டு எடுத்தார். ஹென்றி 176 ஓட்டத்தில் 744. அப்போதும் ஸ்டார்ட்டர் மரேதான். பருவம் முடிய ஓர் ஆட்டம் இருக்கையில் ராம்ஸுக்கு எதிராக மரேயின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த வாரம் ஹென்றி தொடங்கினார். 2018 ஜனவரி 6 அன்று கான்சஸ் சிட்டியில் நடந்த பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆட்டத்தில், 21–3 என்று பின்தங்கியிருந்த டைட்டன்ஸ் 22–21 என வென்றபோது, ஹென்றி 23 ஓட்டத்தில் 156 யார்டு எடுத்திருந்தார். மார்ச் மாதம் மரே விடுவிக்கப்பட்டார். ஜூலையில் ஓய்வை அறிவித்தார். இடம் கைமாற முழுதாக இரண்டு பருவங்களும் ஒரு காயமும் தேவைப்பட்டன.

பலர் மறந்துவிடுவது அதற்குப் பிறகு நடந்ததை. மரே போன பின்பும் வேலை முழுமையாக ஹென்றிக்கு வரவில்லை. அதே மார்ச்சில் நியூ இங்கிலாந்திலிருந்து டியான் லூயிஸை வரவழைத்தார்கள்; 2018இல் லூயிஸ் 59 பாஸ் பிடித்தார், ஹென்றி 15. முதல் 12 ஆட்டங்களில் ஹென்றி எடுத்தது 500 யார்டுக்கும் குறைவு. டிசம்பர் 6 அன்று ஜாக்சன்வில்லுக்கு எதிராக 17 ஓட்டத்தில் 238 யார்டு, நான்கு டச்டவுன், அவற்றில் ஒன்று தம் சொந்தக் கோல் கோட்டருகிலிருந்து தொடங்கிய 99 யார்டு ஓட்டம் என்று வெடித்த பிறகுதான் அணி அவர் பக்கம் முழுமையாகத் திரும்பியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 1,540, 2,027 என்று லீகில் முதலிடம் பிடித்த ஒருவர், தமக்கு முன்னால் நின்ற மூத்தவர் போன பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹென்றிக்கே இப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தாமதத்துக்கு ஆட்டத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. மூன்றாம் டவுன், எட்டு யார்டு தேவை என்று வைத்துக்கொள்வோம். எதிரணியின் இரண்டு லைன்பேக்கர்கள் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்கள்), பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்கு இருபுறமும் உள்ள இடைவெளிகளில் வந்து நிற்கிறார்கள். இருவரும் பாயலாம், ஒருவர் பாய்ந்து மற்றவர் பின்வாங்கலாம், இருவருமே பின்வாங்கி, ஓரத்திலிருந்து, கடைசி வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி ஒருவர் பாயலாம். குவார்ட்டர்பேக் கையை நீட்டி ‘மைக்’, அதாவது நடு லைன்பேக்கர், யாரென்று அறிவிக்கிறார். அந்த அறிவிப்பை வைத்து முன்வரிசை ஐவரும் தங்களுக்குள் ஆட்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மிஞ்சுபவர் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. ஸ்னாப் ஆனதும் அவர் உள்ளிருந்து வெளியே பார்க்க வேண்டும், ஏனென்றால் குவார்ட்டர்பேக்கை அடைய நடுவில் பாய்பவருக்குத்தான் தூரம் குறைவு. பாய்ந்து வருபவர் தம்மைவிடக் கனமானவராக இருந்தாலும், அவர் வேகமெடுப்பதற்குள் முன்னே போய் எதிர்கொண்டு மார்பில் கைவைத்து நிறுத்த வேண்டும். யாருமே பாயவில்லையென்றால் அடுத்த கணமே நழுவி வெளியேறி, பாஸ் வாங்கத் தயாராக நிற்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் நடக்கிறது. கல்லூரியில் இரண்டாயிரம் யார்டு ஓடியவருக்குக்கூட இந்த வேலையில் போதிய பழக்கம் இருப்பதில்லை. அங்கே அவரைக் கையில் பந்தோடு ஓடவிடுவதுதான் எல்லோருக்கும் இலாபம். தொழில்முறை அணியில் நிலைமை தலைகீழ். ரன்னிங் பேக் ஓட்டத்தில் தவறு செய்தால் இரண்டு யார்டு போகும். காவலில் தவறு செய்தால் ஆண்டுக்குப் பல கோடி டாலர் வாங்கும் குவார்ட்டர்பேக்கின் தோள்பட்டை போகும். எந்தப் பயிற்சியாளரும் முதல் மாதத்திலேயே அந்தச் சூதாட்டத்துக்குத் துணிவதில்லை. ‘அவருக்கு இன்னும் பாதுகாப்பு முறைகள் பிடிபடவில்லை’ என்று ஆகஸ்டில் ஒரு பயிற்சியாளர் சொன்னால், அக்டோபர் வரை அந்தப் புதுமுகத்தை எண்ணி மூத்தவர் தூக்கம் கெட வேண்டியதில்லை.

நம்பிக்கை எவ்வளவு சுலபமாகக் கலையும் என்பதற்கு 2025இல் பிட்ஸ்பர்க்கில் நடந்ததைச் சொல்லலாம். மூன்றாம் சுற்றில் வந்த கேலெப் ஜான்சன், மூத்த ரன்னிங் பேக் ஜெய்லன் வாரனின் வேலையில் பெரும் பங்கு பிடிப்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பருவத்தின் இரண்டாவது வாரம், சியாட்டிலுக்கு எதிராக, ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் கிக்ஆஃப் பந்தை வாங்க நின்ற ஜான்சனைத் தாண்டிப் பந்து உருண்டு கோல் பகுதிக்குள் போனது. அதோடு ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து அவர் நகர்ந்துவிட்டார். புதிய கிக்ஆஃப் விதிப்படி அந்தப் பந்து இன்னும் உயிரோடு இருந்தது; சியாட்டிலின் ஜார்ஜ் ஹொலானி ஓடிவந்து அதன்மேல் விழ, அது டச்டவுன் ஆனது. பந்தை ஏந்தி ஓடும் திறமைக்கும் இந்தப் பிழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கையில் பந்து வருவதே அரிதாகிவிட்டது.

அதே வாசல் மறுபக்கமாகவும் திறக்கும். 1995இல் ஆறாம் சுற்றில் 196ஆவது ஆளாக டென்வருக்கு வந்த டெரல் டேவிஸ், பயிற்சி முகாமில் ரன்னிங் பேக்குகள் வரிசையில் கடைசியில் கிடந்தவர். டோக்கியோவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக நடந்த முன்பருவ ஆட்டத்தில், ஒரு கிக்ஆஃபின்போது பாய்ந்து போய் எதிரணி ஆளை அவர் வீழ்த்திய விதம்தான் பயிற்சியாளர்களின் கண்ணில் முதலில் பட்டது; ஓட்ட வாய்ப்பு அதற்குப் பின்னால் வந்தது. அந்தப் பருவத்தை அவர் ஸ்டார்ட்டராகத் தொடங்கி 1,117 யார்டு எடுத்தார். பின்வரிசையில் இருக்கும் புதுமுகத்துக்கு, கிக்ஆஃப் போன்ற உதை ஆட்டங்களுக்கான சிறப்பு அணிகளே நுழைவாயில் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது வெறும் அறிவுரை அல்ல.

பயிற்சியாளருக்கும் பொது மேலாளருக்கும் இந்த விஷயத்தில் நலன்கள் வேறுபடும் என்பதையும் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் வரும் ஞாயிற்றுக்கிழமை வெல்ல வேண்டும். அதனால் தெரிந்த ஆளையே இறக்குவார். மேலாளர் மூன்றாண்டு கணக்கைப் பார்ப்பார். 2018இல் கிளீவ்லாண்டில் இந்த இழுபறி வெளிச்சத்துக்கே வந்தது. மார்ச்சில் கார்லோஸ் ஹைட் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தார். ஏப்ரலில் 35ஆவது தேர்வாக நிக் சப் வந்தார். ஓக்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சப் மூன்றே முறை பந்தை ஏந்தி 105 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் போட்டார். அதற்குப் பிறகும் பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் ஹைட்டையே நம்பினார். முதல் ஆறு ஆட்டங்களில் ஹைட்டுக்கு 114 ஓட்டம், சப்புக்கு மொத்தமே 16. பொது மேலாளர் ஜான் டார்சி அக்டோபர் 19 அன்று, ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வை வாங்கிக்கொண்டு ஹைட்டை ஜாக்சன்வில்லுக்கு அனுப்பிவிட்டார். யாரை ஆடவைப்பது என்ற விவாதத்தை, ஆடவைக்க வேறு ஆளே இல்லாமல் செய்து முடித்துவைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அட்லாண்டாவுக்கு எதிராக 92 யார்டு ஓட்டம் உட்பட சப் அந்தப் பருவத்தை 996 யார்டில் முடித்தார். கடைசி ஆட்டத்தில் ஆயிரத்தைத் தொட்டுவிட்டு, பின்னர் ஓர் ஓட்டத்தில் பின்னோக்கி இழுக்கப்பட்டு அதை இழந்தது அவருடைய துரதிர்ஷ்டம்.

ஒரே பருவத்துக்குள் மூத்தவர் இடமிழந்த இந்த நிகழ்விலும், அது களத்தில் தீர்மானிக்கப்படவில்லை, அலுவலகத்தில் தீர்மானிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். அதனால்தான் பணக்கணக்கை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்ட்டில் வரும் எவரும் தேர்வு எண்ணுக்கேற்ப ஏறக்குறைய முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஊதியத்தில் நான்காண்டுக்குக் கையெழுத்திடுகிறார். மூன்று பருவங்கள் முடியும்வரை அதை மாற்றி எழுத முடியாது. ரன்னிங் பேக்கின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் பெரும்பாலும் இருபத்திரண்டிலிருந்து இருபத்தேழு வரைதான். அதாவது உச்சத்தின் பெரும்பகுதியை அணி மலிவு விலையில் வாங்கிவிடுகிறது. மூத்தவரின் இரண்டாவது ஒப்பந்தமோ, பத்திரிகைகளில் நான்காண்டு, ஐந்தாண்டு என்று பெரிதாக வந்தாலும், உறுதியளிக்கப்பட்ட தொகை வழக்கமாக முதல் இரண்டு ஆண்டுகளில்தான் குவிந்திருக்கும். மூன்றாம் ஆண்டின் ஊதியத்துக்கு உறுதி இருக்காது. அணி அவரை அந்த மார்ச்சில் விடுவித்தால், ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பில் இடம் கிடைக்கும், கையில் ஏற்கெனவே இரண்டாண்டு பழகிய மலிவான ஆள் இருப்பார். புதுமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இந்தக் கணக்கு போடப்பட்டுவிடுகிறது. மரேயின் கதையில் நாள்களை ஒட்டிப் பார்த்தால் இது அப்படியே பொருந்தும்.

பணம் மூத்தவரைக் காக்கவும் செய்யும். டாலஸில் எசிகியல் எலியட் 2019 செப்டம்பரில் ஆறாண்டுக்கு 9 கோடி டாலர் நீட்டிப்பு பெற்றார். அதே ஆண்டு நான்காம் சுற்றில் வந்த டோனி போலார்ட், அதன் பிறகு வந்த நான்கு பருவங்களிலும் ஓர் ஓட்டத்துக்கான சராசரி யார்டில் எலியட்டை முந்தினார். ஒவ்வோர் ஆண்டும் இரசிகர்கள் கொதித்தார்கள், ஒவ்வோர் ஆண்டும் எலியட்டே தொடங்கினார். 2022இல் போலார்ட் 1,007 யார்டு, எலியட் 876. உறுதித் தொகையின் பாரம் குறைந்த பிறகு, 2023 மார்ச்சில்தான் எலியட் விடுவிக்கப்பட்டார். ஓட்டத்தின் தரம் மட்டுமே அளவுகோல் என்றால் இந்த மாற்றம் இரண்டு ஆண்டுகளாவது முன்னதாக நடந்திருக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் இதன் மறுமுகத்தைப் பார்த்தோம்: 2018 முழுவதும் அணி ஒருதலையாக முன்வைத்த ஓராண்டு ஒப்பந்தமான 1.45 கோடி டாலர் டேகில் கையெழுத்திட மறுத்து லெவியான் பெல் வீட்டிலிருக்க, மூன்றாம் சுற்றில் வந்து அப்போது இரண்டாவது பருவத்தில் இருந்த ஜேம்ஸ் கானர் 13 ஆட்டங்களில் 973 யார்டும் 12 டச்டவுனும் எடுத்தார். அதைப் பார்த்த பிறகு எந்த மேலாளர் பெல் கேட்ட தொகையைக் கொடுப்பார்?

புதுமுகத்தால் உடனடியாக இடமிழப்பவர் பல அணிகளில் ஸ்டார்ட்டர் அல்ல, இரண்டாமவர். இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. கிரீன் பே அணி 2020இல் இரண்டாம் சுற்றில் ஏ.ஜே. டில்லனை எடுத்தபோது, முந்தைய ஆண்டு 16 டச்டவுன் ஓடிய ஏரன் ஜோன்ஸுக்கு விடைகொடுக்கப் போகிறார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள். ஜோன்ஸின் ஒப்பந்தமும் அந்த ஆண்டோடு முடியவிருந்தது. டிசம்பர் பனிப்பொழிவில் டென்னசிக்கு எதிராக டில்லன் 124 யார்டு ஓடியதும் அந்தப் பேச்சு உறுதியானது. 2021 மார்ச்சில் அணி ஜோன்ஸுக்கு நான்காண்டுக்கு 4.8 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது; வெளியே போனவர் இரண்டாமவரான ஜமால் வில்லியம்ஸ். அவர் டெட்ராய்ட்டுக்குப் போய் 2022இல் 17 டச்டவுன் ஓடி லீகில் முதலிடம் பிடித்தார், அப்படியிருந்தும் மறு ஆண்டு டெட்ராய்ட் அவரைத் தக்கவைக்கவில்லை. இந்தத் தொழிலின் கொடுமை அது. டில்லனோ ஜோன்ஸின் இடத்தை ஒருபோதும் பிடிக்கவில்லை. 2024இல் ஜோன்ஸ் விடுவிக்கப்பட்டபோது அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஜாஷ் ஜேக்கப்ஸ் வந்தார்.

டிராஃப்ட் எண் எவ்வளவு பேசும் என்பதில் என் கருத்து இதுதான்: முதல் பத்துக்குள் எடுக்கப்பட்டவர் என்றால் விவாதமே வேண்டாம், மூத்தவர் இடத்தைக் காலி செய்யத் தயாராகலாம். 2015இல் டாலஸுக்காக 1,089 யார்டு ஓடிய டேரன் மெக்ஃபேடன், அடுத்த ஏப்ரலில் நான்காவது தேர்வாக எலியட் வந்ததும் காணாமலே போனார். 2006இல் மினசோட்டாவுக்காக 1,216 யார்டு ஓடிய செஸ்டர் டெய்லர், ஏழாவது தேர்வான ஏட்ரியன் பீட்டர்சனுக்கு மறுஆண்டே வழிவிட்டார். பத்துக்குக் கீழே போகப் போக அந்த எண் வலுவிழக்கிறது. சியாட்டில் 2018இல் முதல் சுற்றிலேயே, 27ஆவது ஆளாக, ரஷாட் பென்னியை எடுத்தது. ஏற்கெனவே அங்கிருந்த கிறிஸ் கார்சன் முந்தைய ஆண்டு ஏழாம் சுற்றில் 249ஆவதாக வந்தவர், அதுவும் காலை முறித்துக்கொண்டு பருவத்தின் பெரும்பகுதியை இழந்தவர். கார்சன் 1,151 யார்டு ஓடினார், பென்னி 419. கான்சஸ் சிட்டியில் முதல் சுற்று ஆளான கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரின் இடத்தை 2022 அக்டோபரில் பிடித்தவர் 251ஆவது தேர்வான ஐசையா பச்செகோ. முகாம் தொடங்கிய பிறகு பயிற்சியாளர் அறையில் டிராஃப்ட் எண்ணுக்கு மதிப்பு வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆளைத் தேர்ந்தெடுத்த மேலாளரின் மானம் மட்டுமே அதைச் சற்றுக் காலம் தாங்கிப் பிடிக்கிறது.

அதனால் யார் யாரைக் கொண்டுவந்தது என்றும் பாருங்கள். மூத்தவரைக் கொண்டுவந்த மேலாளரே புதுமுகத்தையும் எடுத்திருந்தால், அது பெரும்பாலும் வேலையைப் பங்கிடவோ காப்பீடாகவோ இருக்கலாம். 2003இல் கான்சஸ் சிட்டி லாரி ஜான்சனை முதல் சுற்றில் எடுத்தது, ப்ரீஸ்ட் ஹோம்ஸின் இடுப்புக் காயத்தை அஞ்சித்தான். ஹோம்ஸ் அந்த ஆண்டு 27 டச்டவுன் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார், ஜான்சனுக்குக் கிடைத்தது 20 ஓட்டம். மேலாளர் மாறியிருந்தால் அல்லது தலைமைப் பயிற்சியாளர் மாறியிருந்தால், முந்தைய ஆட்சியில் வந்த மூத்தவருக்காக வாதாட அந்தக் கட்டடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பருவத்தின் நடுவிலேயே இடம் மாறக் காரணமாகும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று காயம், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மற்றொன்று பந்தைத் தவறவிடுவது. டென்வரின் மெல்வின் கார்டனை மேலே சொன்னேன். 2022இல் நான்காவது வாரமே ஜவான்டே வில்லியம்ஸின் முழங்கால் சிதைந்து அவர் பருவத்தை இழந்தார். முக்கியப் போட்டியாளர் இல்லாத நிலை. அப்படியிருந்தும் கார்டன் திரும்பத் திரும்ப ஃபம்பிள் செய்ததால், நவம்பரில் அணி அவரை வெளியே அனுப்பியது. யார்டு சராசரி குறைந்தால் பயிற்சியாளர் பொறுப்பார், முன்வரிசையின் மேல் பழிபோடுவார்; எதிரணியிடம் பந்தைக் கொடுத்தால் பொறுக்க மாட்டார்.

நிஜ ஆட்டக்காரர்களின் எண்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஃபேன்டசி ஆட்டத்துக்காக இதைக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். புதுமுகத்தைக் கடைசிச் சுற்றுகளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் செப்டம்பரில் அவரை நம்பி ஆட்களை இறக்க வேண்டாம். நவம்பர், டிசம்பரில்தான் இத்தகையவர்களின் பங்கு கூடும். மூத்தவர் இருபத்தெட்டைத் தாண்டியவர், மூன்றாம் ஒப்பந்த ஆண்டில் நிற்பவர், முந்தைய பருவத்தில் முந்நூறு முறைக்கு மேல் பந்தை ஏந்தியவர் என்ற மூன்றும் ஒன்றுகூடினால் மட்டும் என் எச்சரிக்கையைத் தளர்த்திக்கொள்வேன்.

ஆகஸ்ட் மாத முன்பருவ ஆட்டங்களில் எதைப் பார்ப்பது? புதுமுகம் நான்காம் கால்பகுதியில், மூன்றாம் நிலை ஆட்டக்காரர்களுக்கு எதிராக, அறுபது யார்டு ஓடிய காணொளி எல்லா இடத்திலும் சுற்றும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூத்தவர் தொப்பியோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால் அவர் இடம் பத்திரமாக இருக்கிறது என்றே பொருள், அவரை அணி காயத்திலிருந்து காத்து வைக்கிறது. அதற்கு மாறாக, முதல் கால்பகுதியில் முதல்நிலை குவார்ட்டர்பேக் இன்னும் களத்தில் இருக்கும்போது, மூன்றாம் டவுனில் மூத்தவர் வெளியே வந்து புதுமுகம் உள்ளே போனால், அந்த ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, பாய்ந்து வந்த லைன்பேக்கரை அவர் சரியாக எதிர்கொண்டாரா என்று பாருங்கள். எதிர்கொண்டிருந்தால், இரண்டு ஆண்டு என்று நான் சொன்ன கணக்கை அந்த ஒருவர் விஷயத்தில் ஓராண்டாகக் குறைத்துக்கொள்ளலாம்.